முதலில் பட்டியல், பிறகு பணம்: வன்னியில் ஓர் ஊர் ஆவணகத்துக்கு நிதி தேடுவது

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. கிளிநொச்சியில், தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கூடுதலாக உள்ள ஒரு கிராமத்தில் உங்கள் சனசமூக நிலையம் இருக்கிறது. வந்த தலைமுறையினர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளில் பழைய படங்கள், இந்தியாவில் இருந்து வந்த கடிதங்கள், காமன் கூத்துப் பாட்டு எழுதிய கொப்பிகள், ஒலிநாடாக்கள் கிடக்கின்றன. இப்படிப்பட்ட சமூகங்களின் கதைகளைப் பாதுகாக்க வெளிநாட்டில் நிதி கொடுக்கிறார்களாமே, யாரிடம் கேட்பது, எப்படி எழுதுவது, அதில் ஏதும் வில்லங்கம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிதி இருக்கிறது. வில்லங்கமும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

முதல் விஷயம், "எங்கள் கதைகள் அழிகின்றன" என்பதற்காக எவரும் பணம் அனுப்புவதில்லை. இன்ன ஊரில், இன்ன வீடுகளில், இத்தனை கொப்பி, இத்தனை படம், இந்த நிலையில் கிடக்கிறது, இத்தனை மாதத்தில் இப்படிப் படியெடுப்போம் என்று எழுதிக் கேட்பவருக்குத்தான் கொடுக்கிறார்கள். இதை நான் பட்டுத்தான் தெளிந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் முல்லைத்தீவுப் பக்கத்து நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, கூத்துக் கொப்பிகளுக்காக ஒரு விண்ணப்பம் எழுதினோம். கோவலன் கூத்து, வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 2009 மே என்று ஆறு பக்கம். எழுதும்போதே எங்களுக்குத் தொண்டை அடைத்தது. வந்த பதிலில் ஒரே ஒரு கேள்வி: மொத்தம் எத்தனை கொப்பிகள், எத்தனை பக்கங்கள்? ஒருவர் ஐம்பது இருக்கும் என்றார். இன்னொருவர் இருநூறுக்குக் குறையாது என்றார். கடைசியில் வீடு வீடாகப் போய் எண்ணினால் முப்பத்தொன்று, அதிலும் ஐந்து கறையான் தின்று முடித்தவை. நாங்கள் எண்ணி முடிப்பதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டது.

சரி, யார் கொடுக்கிறார்கள்? உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் விண்ணப்பம் எடுக்கும் திட்டங்களில் நமக்குப் பொருந்தக்கூடியவை மூன்று. அந்த மூன்றுக்கும் பணம் வருவது ஒரே இடத்தில் இருந்துதான். லிஸ்பெட் ரௌசிங், பீட்டர் போல்ட்வின் என்ற இருவர் 2001இல் தொடங்கிய ஆர்கேடியா என்ற அறநிதியம் அது. ஒரே கிணற்றுத் தண்ணீர் என்பதால் மூன்றின் விதிகளும் கூடப்பிறந்ததுகள் மாதிரி இருக்கும். ஒன்றை நன்றாகப் படித்தால் மற்றவற்றின் போக்கும் பிடிபடும்.

மூத்தது பிரித்தானிய நூலகத்தின் எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம். 2004இல் தொடங்கியது. என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் முன்னோட்ட வேலைக்கு ஒரு வருடத்துக்கு 15,000 பவுண் வரைக்கும், முழு வேலைக்கு இரண்டு வருடம் வரை 150,000 பவுண் வரைக்கும் கடந்த சுற்றுகளில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தேடுவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய பொருட்களை. ஏட்டுச் சுவடி, மாட்டு வாகடம், விஷகடி வைத்தியம் பார்த்த பரம்பரை வீடுகளில் உள்ள ஏடுகள், கோவில் கணக்குகள், பழைய தேவாலயப் பதிவேடுகள் என்று வன்னியில் இதற்கு உரிய சாமான் நிறைய உண்டு. உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பழையதுகூட 1960களுக்கு முந்தியதாக இராது என்று நினைக்கிறேன். ஆகவே இந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்கு உரியது இரண்டாவது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் நூலகம் 2018இல் தொடங்கிய மொடர்ன் எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம். 20ஆம், 21ஆம் நூற்றாண்டுப் பொருட்களுக்கென்றே வந்தது. படம், கடிதம், துண்டுப்பிரசுரம், ஒலிநாடா, வீடியோ நாடா எல்லாம் எடுப்பார்கள். ஒரு வருடத் திட்டமிடல் வேலைக்கு 15,000 டொலர் வரை, இரண்டு வருட முழு வேலைக்கு 50,000 டொலர் வரை என்பது கடந்த சுற்றுகளில் அவர்களுடைய கணக்கு. சுற்றுக்குச் சுற்று தொகையும் விதியும் மாறும், அழைப்பு வந்தவுடன் அந்த வருடத்துத் தாளைத்தான் படிக்க வேண்டும். என்னுடைய அபிப்பிராயம், பெரியதைப் பார்த்து ஆசைப்படாமல் திட்டமிடல் நிதிக்குக் கேளுங்கள். 15,000 டொலரை ஒழுங்காகச் செலவழித்துக் கணக்குக் காட்டிய ஒரு கிராமத்து நிலையத்துக்கு அடுத்த கதவு திறப்பது சுலபம். முதல் தடவையே பெரிய தொகை கிடைத்து, ரசீது சேர்க்கத் தெரியாமல் திண்டாடிய நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது பிரித்தானிய அருங்காட்சியகத்தில், அதுவும் 2018இல் தொடங்கியது. எண்டேஞ்சர்ட் மெட்டீரியல் நொலேஜ் புரோகிராம் என்று பெயர். இவர்கள் தேடுவது கையில் இருக்கும் அறிவை. ஒரு பொருளை எப்படிச் செய்வது, எதில் செய்வது, எந்தக் காலத்தில் செய்வது என்பதை வீடியோவாகவும் படமாகவும் பதிவு செய்யக் கொடுக்கிறார்கள். வன்னியில் மண்வீடு கட்டுவது, கிடுகு பின்னுவது, கரைவலைச் சாமான்கள் என்று எவ்வளவோ இருக்கிறது. உங்கள் ஊரில் தப்பு மேளத்துக்குத் தோல் கட்டத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், அவருக்கென்றே ஒரு தனி விண்ணப்பம் எழுதலாம். காமன் கூத்து ஆடுகிறார்கள், தப்பைக் கடையில் வாங்குகிறார்கள் என்ற நிலை வருவதற்கு முன்னர்.

இவற்றைவிட, வெள்ளம் போன்ற அனர்த்தம் வந்த கையோடு மரபுப் பொருட்களைக் காப்பாற்ற உதவும் வேறு வகை நிதிகளும் உண்டு. நெதர்லாந்தில் பிரின்ஸ் கிளாஸ் நிதியத்தின் கீழ் தொடங்கிய கல்ச்சுரல் எமர்ஜென்சி ரெஸ்பொன்ஸ் அப்படியொன்று. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது யாரும் போட்டோ அல்பத்தைப் பற்றி நினைக்கவில்லை, நினைக்கவும் முடியாது. ஆனால் அடுத்த மாதமாவது அப்படியொரு இடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது உங்கள் திட்டத்தில் நான் கண்ட ஓட்டை. நீங்கள் எழுதியதில் பாதி, முதியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வது பற்றி. அது மிக நல்ல வேலை. ஆனால் மேலே சொன்ன முதல் இரண்டும் ஏற்கனவே இருக்கிற பொருளைப் படியெடுக்கத்தான் பணம் தருகின்றன. புதிதாக நேர்காணல் எடுத்துச் சேர்ப்பது அவர்களுடைய வேலை அல்ல. "வாய்மொழி வரலாறு" என்று தலைப்பிலேயே போட்டால் அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். இதற்கு நேர்மையான ஒரு வழி இருக்கிறது. படத்தைப் படியெடுத்தால் மட்டும் போதாது, யார், எங்கே, எப்போது என்ற விவரக் குறிப்பும் வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அந்தக் குறிப்பை எழுத, அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவோடு இரண்டு மணித்தியாலம் இருந்துதான் ஆக வேண்டும். அதை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். "இது என்ர அண்ணன், கப்பல்ல போனவர்" என்று ஒரு விரல் படத்தில் நிற்கும்போது வருகிற கதை, "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா" என்று கமராவைக் காட்டிக் கேட்டால் வராது. இது நிதிக்காகச் சொல்கிற உபாயம் மட்டும் இல்லை, என் அனுபவத்தில் கதை கேட்பதற்கே இதுதான் நல்ல முறை.

புலம்பெயர்ந்தவர்கள் வழியாகக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானியாவில் நெஷனல் லொட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்ட், கனடாவில் அந்நாட்டு நூலக ஆவணகம் 2015இல் தொடங்கிய சமூக ஆவண மரபுத் திட்டம் என்பன இருக்கின்றன. ஆனால் அவை அந்த அந்த நாட்டில் உள்ள அமைப்புகளுக்கு, அந்த நாட்டு மக்களின் மரபுக்குத் தருபவை. லண்டனில் இருக்கும் வன்னி ஆட்கள் தங்கள் கதையைச் சேர்க்க அது உதவும், கிளிநொச்சியில் அலுமாரி வாங்க உதவாது. அத்தோடு, யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு இருப்பதுபோல் ஊருக்கொரு சங்கம் உங்கள் கிராமத்துக்கு ரொறொன்ரோவில் இருக்கப்போவதில்லை. உங்கள் ஆட்களின் உறவுகள் பாதி கூடலூரிலும் கோத்தகிரியிலும் அல்லவா இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் உங்கள் விண்ணப்பத்தின் பலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நீங்கள் எழுதவே இல்லை. "ஏன் இது முக்கியம்" என்ற பகுதியில் எல்லோரும் போரைப் பற்றி எழுதுகிறார்கள், நீங்களும் அப்படியே. போர் உண்மைதான். ஆனால் உங்கள் சேகரிப்பு மற்றவற்றில் இருந்து வேறுபடுவது அதனால் இல்லை. வன்னி வரலாறு என்றால் பண்டாரவன்னியன், குளங்கள், கோவில்கள், அப்புறம் நேரே யுத்தம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள், 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டவர்கள், 1970களின் நடுப்பகுதிப் பஞ்சத்திலும் 1977, 1983 கலவரங்களிலும் அடிபட்டு வடக்கே வந்து காடு வெட்டியவர்கள், அந்த வரலாற்றில் ஒரு பந்திக்கு மேல் வருவதில்லை. காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டதும், அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டதும் அரசியல் எழுத்துகளில் இருக்கும். குடியமர்ந்தவர்களுடைய கையெழுத்து எங்கே இருக்கிறது? உங்கள் ஊர் றங்குப் பெட்டிகளில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் இருந்து அண்ணன் எழுதிய கடிதம் கிளிநொச்சிக்கு வருகிறது. அந்தக் கடிதத்தில் மூன்று இடத்து வரலாறு இருக்கிறது. அப்படியொரு கட்டு உங்களிடம் இருக்கிறது என்று ஒரு வரியில் சொன்னீர்களே, அதை விண்ணப்பத்தின் முதல் வரியாக வையுங்கள்.

பட்டியலுக்கு வருவோம். ஒரு எக்செல் தாள் போதும், அதுவும் இல்லையென்றால் கோடு போட்ட கொப்பி. வீட்டுக்கு ஒரு எண். பொருளின் வகை, எண்ணிக்கை, எந்தக் காலத்தது, எந்த நிலையில் இருக்கிறது, யாருடையது, வேறெங்கும் பிரதி இருக்கிறதா. நிலை என்பதற்குக் "மோசம்" என்று எழுதாமல் "ஓரம் எலி கடித்தது, மை மங்கியது, படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது" என்று எழுதுங்கள். நடுவர்கள் லண்டனில் இருந்தாலும் இதைப் படித்தவுடன் அவர்களுக்குப் பொருள் கண்முன் வரும்.

பட்டியலை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். உதாரணத்துக்கு, 120 ஒலிநாடா இருக்கிறது, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வைப்போம். ஒலிநாடாவை வேகமாக ஓட்டிப் படியெடுக்க முடியாது, ஓடுகிற நேரம் ஓடித்தான் தீரும். 180 மணித்தியாலம். நாளுக்கு நான்கு மணித்தியாலம் ஓட்டினால் 45 வேலை நாள். மின்சாரம் போகிற நாட்களைச் சேர்த்து மூன்று மாதம் என்று போடுங்கள். தரமான ஒலிக்கோப்பு, அதாவது 48 கிலோஹேட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைட் பிடிக்கும். ஆக 180 சொச்சம் கிகாபைட். படங்கள் என்றால், 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்து டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு படம் சுமார் 72 மெகாபைட். பத்தாயிரம் பக்கம் என்றால் 720 கிகாபைட். இரண்டையும் சேர்த்தாலே ஒரு டெராபைட் டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். ஆகவே இரண்டு டெராபைட் டிஸ்க் மூன்று வாங்குங்கள், ஒன்று நிலையத்தில், ஒன்று வேறொருவர் வீட்டில், ஒன்று வேறு மாவட்டத்தில். மூன்றையும் ஒரே அலுமாரியில் வைப்பது ஒன்றை வைத்திருப்பதற்குச் சமம். இந்த மாதிரிக் கணக்கு விண்ணப்பத்தில் இருந்தால், இவர்கள் வேலை தெரிந்தவர்கள் என்று படிக்கிறவருக்குப் பட்டுவிடும்.

செலவில் எல்லோரும் விடுகிற பிழை ஒன்று. கமரா, கணினி, ஸ்கானர் என்று இயந்திரத்துக்கு முக்கால்வாசிப் பணத்தைப் போட்டுவிட்டு, ஆட்களுக்கு "தொண்டு அடிப்படையில்" என்று எழுதுவது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நேரம் பிடிப்பது படமெடுப்பதில் இல்லை, விவரக் குறிப்பு எழுதுவதில். எங்கள் அனுபவத்தில் ஒரு நாள் படமெடுத்ததற்கு மூன்று நாள் எழுத்து வேலை. உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் போடுங்கள், தாராளமாக அனுமதிப்பார்கள். கட்டட வாடகை, நிர்வாகச் செலவு என்று பொதுவாக ஒரு சதவீதம் கேட்டால் இந்தத் திட்டங்களில் வெட்டிவிடுவார்கள். வாங்கிய சாதனங்கள் வேலை முடிந்த பிறகு ஊரிலேயே நிற்கும் என்று எழுதி வையுங்கள், அதை அவர்களும் விரும்புவார்கள். அந்தக் கமராவைப் பற்றிக் கீழே திரும்பவும் சொல்வேன்.

இனி வில்லங்கம். இந்த நிதிகளின் அடிப்படை நிபந்தனை, படியெடுத்தவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பது. லண்டனில் இருந்து பார்த்தால் இதைவிட நல்ல விஷயம் இருக்க முடியாது. கிளிநொச்சியில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி. ஒரு கல்யாண அல்பத்தில் பின்வரிசையில் சீருடையோடு ஒரு பொடியன் நிற்பான். கடிதத்தில், இப்போது காணாமல் ஆக்கப்பட்டவராகத் தேடப்படுகிற ஒருவரின் பெயர் வரும். பழைய தோட்டத்துத் தாளில் சிலவேளை பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதியிருக்கும், அந்தப் பேத்தி இன்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருப்பாள். காணித் தாளில் இன்றும் தீராத எல்லைச் சண்டை இருக்கும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் தெரிந்த நாட்டில், யாரோ ஒருவரின் தாத்தாவின் படத்தை உலகத்துக்குத் திறந்து வைக்கும் முடிவை நீங்களோ நானோ எடுக்க முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் ஆட்கள் 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பியவர்கள். அரிசியை விட்டார்கள், பாத்திரத்தை விட்டார்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் காணித் தாளும் நாலு படமும் இருந்த ஷொப்பிங் பையை மட்டும் விடவில்லை. புதைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து தோண்டியும் எடுத்தார்கள், சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இல்லை. அந்தப் பையை அவர்கள் அவிழ்த்துக் காட்டுவதே பெரிய விஷயம். அதை வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள். கமராவையும் கறுப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு நீங்கள் அந்த வீட்டுத் திண்ணைக்குப் போங்கள்.

நான் கடைப்பிடிப்பது இது. பட்டியலில் இன்னொரு நிரல் போடுங்கள். அதில் மூன்றில் ஒன்று: இணையத்துக்குப் போகலாம், நிலையத்துக்கு வந்து பார்ப்பவர்களுக்கு மட்டும், அந்த வீட்டுக்கு மட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டுக்காரரே சொல்ல வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, வாசித்துக் காட்ட வேண்டும், பிறகு மனம் மாறினால் யாரிடம் வந்து சொல்வது என்று பெயரோடு எழுத வேண்டும். மகன் கையெழுத்து வைத்துவிட்டு அம்மா மூலையில் பேசாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை, இன்னொரு நாள் போங்கள். விண்ணப்பத்தில் முதல் வகையை மட்டும் சேருங்கள். தொகை குறையும், குறையட்டும். மற்ற இரண்டு வகையும் அவசியமானவைதான், அவற்றுக்கு அந்த நிதியின் பணத்தைத் தொட வேண்டாம். வேலை முடிந்து கமரா ஊருக்கு மிஞ்சும் என்றேனே, அப்போது அந்த இரண்டு பிள்ளைகளும் வேலை பழகியிருப்பார்கள். வீட்டுக்கு மட்டும் என்று சொன்னவர்களின் தாள்களை அந்தக் கமராவில் எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். இது எந்த அறிக்கையிலும் வராத வேலை. ஊர் உங்களை நம்புவது இதனால்தான்.

அமைப்பு, வங்கி விஷயம் சுருக்கமாக. சனசமூக நிலையமாகப் பதிவு இருப்பது நல்லது, ஆனால் வெளிநாட்டுப் பணத்தை வாங்க அது போதாமல் போகலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவது ஒரு வழி, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது இன்னொன்று. இரண்டுக்கும் காலமும் அலைச்சலும் பிடிக்கும். முதல் தடவைக்கு, ஏற்கனவே பதிவும் கணக்காய்வும் உள்ள ஒரு நிறுவனத்தையோ பல்கலைக்கழகத் துறையையோ கூட்டாக வைத்து அவர்கள் கணக்கில் பணம் வாங்குங்கள். ஆனால் யார் எதைச் செய்வது, மூலப் பொருள் யாரிடம் நிற்பது, பெயர் எப்படிப் போடுவது என்று இரு தரப்பும் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகே தொடங்குங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் ஆய்வுக்கென்று வந்தவர்கள் இரண்டு அல்பத்தை "ஸ்கான் பண்ணிவிட்டுத் தருகிறோம்" என்று கொண்டுபோனார்கள். பத்து வருடத்துக்கு மேலாகிறது, அந்த வீட்டு அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். வன்னியில் நாலு பேர் கமராவோடு வீடு வீடாகப் போனால் விசாரிக்க ஆள் வரும், அப்போது காட்ட ஒரு தாள் கையில் வேண்டும்.

தொழில்நுட்பத்துக்கும் சேமிப்புக்கும் புதிதாக ஓர் இணையத்தளம் கட்டவேண்டாம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இருபது வருடமாக எண்ணிமமாக்கி, அதாவது கணினிக் கோப்புகளாக மாற்றி, வருகிறது. நூல், மலர், அழைப்பிதழ், பிரசுரம் போன்றவற்றை அவர்களோடு சேர்ந்து செய்தால் நிதியே இல்லாமலும் தொடங்கலாம். சொந்தத் தளம் கட்டிய பல முயற்சிகள், நிதி முடிந்து தளத்துக்கு வருடக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் காணாமல் போயிருக்கின்றன.

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். முதலில் தமிழில் எழுதுங்கள். நிலையத்து உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், "இது பொய், அது அப்படி நடக்கவில்லை" என்று நாலு பேர் சொல்வார்கள், திருத்துங்கள். பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவரிடம் கொடுத்தால், அவர் தனக்குத் தெரிந்த வன்னியைத்தான் எழுதுவார். அனுப்பியதில் இருந்து பணம் கணக்கில் விழ ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கிடைக்காமல் போனால் நடுவரின் குறிப்பைக் கேட்டு வாங்கி, அடுத்த சுற்றுக்கு அதே பட்டியலோடு திரும்பப் போகலாம்.

கடைசியாக அந்த ஒலிநாடாக்கள். 1990களில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைத் திருப்பிப் போட்டு, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. அந்தக் காலத்தில் பதிந்த நாடா ஏதும் இருந்தால் அது இரண்டாம் பிரதி இல்லாத பொருள். ஆசையில் இப்போது பழைய ரேடியோவில் போட்டுப் பார்க்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த நாடா அறுந்து சுற்றிக்கொள்ளும். முதல் தடவை ஓடும்போதே அது கணினியில் பதியப்பட வேண்டும், இரண்டாம் தடவை ஓடும் என்று நம்ப முடியாது. இப்போதைக்கு ஒவ்வொன்றிலும் பின்பக்கத்து இரண்டு சின்னத் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள், யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது. உறையில் எழுதியிருப்பதை அப்படியே பட்டியலில் ஏற்றுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். நாடாக்களை நிமிர்த்தி அடுக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, நிலத்தில் இருந்து இரண்டடி உயரத்தில், வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கருக்குத் தள்ளி வையுங்கள். பட்டியலின் முதல் ஐந்து வீடுகள் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், கணக்கைச் சேர்ந்து போடலாம்.